வேண்டாத பாத்திரங்கள்: நீக்குவதா, இணைப்பதா, பெயரை எடுப்பதா?

நாவலின் முதல் வரைவில் கூட்டம் சேர்வது சகஜம். ஒரே ஒரு கல்யாண வீட்டுக் காட்சி போதும், பத்துப் பேர் பெயரோடு உள்ளே வந்துவிடுவார்கள். திருத்தும்போது அவர்களைக் குறைக்க மூன்று வழிகள் உண்டு: ஆளை அடியோடு நீக்கலாம், இரண்டு பேரை ஒருவராக்கலாம், ஆளை வைத்துக்கொண்டு பெயரை மட்டும் எடுத்துவிடலாம். பலரும் சொல்லும் யோசனை இரண்டாவது. எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை.

அடியோடு நீக்குவதற்கு அமெரிக்க நாவலாசிரியர் ஹார்ப்பர் லீயின் வரைவு நல்ல சாட்சி. 2015இல் வெளிவந்த ‘கோ செட் எ வாட்ச்மேன்’ உண்மையில் அவருடைய புகழ்பெற்ற ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ நாவலுக்கு 1950களில் எழுதப்பட்ட முந்தைய வடிவம். அதில் 26 வயது நாயகியை மணக்க விரும்பும் ஹென்றி கிளின்டன் முக்கியமான ஆள். எடிட்டர் டே ஹோஹாஃபின் யோசனைப்படி கதை நாயகியின் சிறுவயதுக்கு நகர்ந்தது. 1960இல் ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ ஆக வந்தபோது ஹென்றி இல்லவே இல்லை. ‘இவனைக் கட்டிக்கொள்வாளா’ என்ற கேள்வியே போய்விட்டது, ஆளும் போனான். பழைய வரைவில் ஏற்கெனவே இறந்துபோயிருந்த அண்ணன் ஜெம்தான் புதியதில் கதை நெடுக வருகிறான்.

கேள்வி அப்படியே நிற்க, ஆளை மட்டும் தூக்கினால் ஓட்டை விழும். கதையில் ஒரு கடிதம் எங்கே இருக்கிறது என்று நீக்கப்போகும் ஆளுக்கு மட்டும்தான் தெரியும் என்றால், அதை வேறு யாராவது சொல்லியாக வேண்டும். அந்த ஒரு தகவலைத் தவிர அவருக்கு வேலை இல்லையா? ஏற்கெனவே காட்சியில் நிற்பவர் வாயில் அதைப் போட்டுவிட்டு நீக்கிவிடலாம்.

இணைப்பது காகிதத்தில் சுலபமாகத் தெரியும். தமிழ்க் குடும்ப நாவலில் அப்படி இல்லை. பெரியப்பாவையும் தாய்மாமாவையும் ஒருவராக்கிப் பாருங்கள். மாமா மகள் முறைப்பெண், பெரியப்பா மகள் தங்கை. நாயகனின் காதல் அங்கேயே செத்தது. யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள், யார் முன்னால் யார் உட்காரலாம், ‘வந்தான்’ எங்கே ‘வந்தார்’ ஆக வேண்டும் என்று ஒவ்வொரு பக்கமும் கை வைக்க வேண்டியிருக்கும். ரத்த உறவு இல்லாதவர்களிடம் இது நன்றாகவே பலிக்கும். மூன்றாம் அத்தியாயத்தில் கடன் கொடுக்கும் பக்கத்து வீட்டுக்காரரும் பன்னிரண்டாம் அத்தியாயத்தில் வேலை போட்டுத்தரும் முதலாளியும் ஒரே ஆள் என்றால், ஆள் குறைவதோடு நாயகனுக்கு அவரிடம் ஒரு நன்றிக்கடனும் வந்துவிடுகிறது. இருவரும் எங்காவது நேருக்கு நேர் சண்டை போட்டுக்கொண்டால் மட்டும் தொடாதீர்கள்.

பெயரை எடுப்பதுதான் குறைந்த செலவு. பெயர் வைத்ததும் ‘இவரை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் போல’ என்று வாசகர் நினைத்துவிடுகிறார். ‘மேலத்தெரு அத்தை’ என்றால் அந்தச் சுமை இல்லை. அத்தை வந்து பேசிவிட்டுப் போய்விடுவாள். ஆனால் யார் பெயர்கள் போகின்றன என்று ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நல்லது. வேலைக்காரர்கள், கூலிக்காரர்கள் பெயர் மட்டும் போயிருந்தால் அது சிக்கனம் இல்லை, எழுதியவரின் பார்வை.

அதனால் என் வரிசை இது: முதலில் பெயரை எடுத்துப் படிப்பேன். அப்படியும் இடறினால் ஆளை நீக்குவேன். இணைப்பு கடைசியில்தான்.

எந்த வழியில் போனாலும் கணினியில் தேடும்போது கவனம் தேவை. ‘செல்வம்’ என்று தேடினால் ‘செல்வத்திடம்’, ‘செல்வத்தை’ இரண்டும் சிக்காது. ‘செல்வ’ என்று தேடுங்கள். செல்வியும் செல்வராஜும் கூடவே வருவார்கள். அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் தள்ள வேண்டும். ‘எல்லாவற்றையும் மாற்று’ பொத்தான் பக்கமே போகாதீர்கள்.