ஆய்வேட்டைக் கட்டுரையாக்கித் தருகிறோம் என்றார்கள், 600 டாலர் போனது

எம்.எஸ்சி. நர்சிங் ஆய்வேட்டை ஜர்னல் கட்டுரையாக்க ஆள் தேடுபவர்கள், இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். ஆன்லைனில் இந்த வேலையைச் செய்துதரும் ஓர் ஏஜென்சி 600 டாலரை வாங்கிக்கொண்டு கையை விரித்துவிட்டது.

நம்பவைத்தது எது தெரியுமா? எடுத்த எடுப்பிலேயே, "உங்களுடையது கிராஸ்-செக்‌ஷனல் ஸ்டடி, ஸ்ட்ரோப் செக்லிஸ்ட்படிதான் எழுதவேண்டும்" என்றார்கள். சரியான பேச்சு: ஒரே காலகட்டத்தில் தரவு எடுக்கும் ஆய்வு அது, அப்படிப்பட்ட ஆய்வுக் கட்டுரையில் என்னென்ன இருக்கவேண்டும் என்ற பட்டியல்தான் ஸ்ட்ரோப். அறிமுகப் பகுதியை ஒரே பக்கமாகச் சுருக்கி இலவச சாம்பிளும் வந்தது, குறை சொல்ல ஒன்றுமில்லை. விஷயம் தெரிந்தவர்கள் என்று 600 டாலரும் ஒரே தவணையில் போனது.

முழுக் கட்டுரையைப் பார்த்தால் வயிறு எரிகிறது. முந்தைய ஆய்வுகளைத் தொகுக்கும் இலக்கிய மீளாய்வு அத்தியாயம் அப்படியே கிடக்கிறது. ஜர்னலுக்கு வேண்டியதோ, இதுவரை எது ஆராயப்படவில்லை என்று காட்டும் சில பத்திகள். முறையியலில் "தரவு சேகரிக்கப்படும்" என்று எதிர்காலம்! ஆய்வுக்கு முன் எழுதிய புரொப்போசலிலிருந்து வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். அட்டவணையில், புள்ளியியல் சோதனையின் முடிவைக் காட்டும் பி மதிப்பு 0.000. எஸ்.பி.எஸ்.எஸ். மென்பொருள் மூன்று தசமத்தோடு நிறுத்துவதால் அப்படிக் காட்டும், கட்டுரையில் '0.001-க்கும் குறைவு' என்றுதான் போடவேண்டும். எதிக்ஸ் கமிட்டி ஒப்புதல் எண்ணைக் காணோம். இதெல்லாம் போதாதென்று, கைடு பெயருக்குப் பின்னால் முன்பின் தெரியாத ஓர் ஆள் ஆசிரியராக உட்கார்ந்திருக்கிறார். ஆய்விலும் எழுத்திலும் பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், முழுப்பொறுப்பு என நான்கும் இருந்தால்தான் ஆசிரியர் என்பது மருத்துவ ஜர்னல் எடிட்டர்கள் குழுவான ஐ.சி.எம்.ஜே.இ. விதி.

கேட்காமலேயே இதை ஒரு ஜர்னலுக்கும் அனுப்பிவிட்டார்கள். ஒரு வாரத்துக்குள் ஏற்புக் கடிதம். ரிவ்யூவர் கருத்து என்று ஒரு வரிகூட இல்லை. ஏன் என்று கேட்டால் "எடிட்டர் லீவு". அப்புறம் "சீனியர் டீம் கூப்பிடும்". கட்டுரையைத் திரும்பப் பெறுங்கள் என்றதற்கு, அதற்குத் தனியாக 200 டாலராம்! 600 டாலரைத் திருப்பிக் கேட்டதும் பதிலே நின்றுவிட்டது.

பணத்தைவிடக் கொதிக்க வைப்பது வேறு. அந்த ஜர்னலில் வெளிவந்துவிட்டால் அதே கட்டுரையை நல்ல ஜர்னல் எதுவும் தொடாது, இரட்டை வெளியீடு என்று ஒதுக்கிவிடும். வலியோடு படுத்தபடியே ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சொன்ன நோயாளிகளின் தரவு அது.

விவரமாக எழுதத்தான் நினைத்தேன், இப்போது முடியவில்லை. இவ்வளவு மட்டும்: ஐ.எஸ்.எஸ்.என். எண் ஜர்னலின் அடையாள எண்தான், தரச்சான்று அல்ல. "ஸ்கோபஸ் ஜர்னல்" என்றால், ஆய்விதழ்களின் தரவுத்தளமான ஸ்கோபஸின் தளத்தில் நீங்களே தேடுங்கள்; சர்வதேச நர்சிங் எடிட்டர்கள் அமைப்பான ஐநேனின் ஜர்னல் பட்டியலையும் பாருங்கள். மாட்டிக்கொண்டவர்கள், கட்டுரையைத் திரும்பப் பெற்றதற்கு எழுத்தில் உறுதி கிடைக்கும்வரை வேறெங்கும் அனுப்பாதீர்கள். சப்மிட் செய்வது உங்கள் கையில் இருக்கட்டும், ஜர்னலோடு தொடர்பில் இருக்கும் கரஸ்பாண்டிங் ஆதரின் மின்னஞ்சலும் உங்களுடையதாக இருக்கட்டும். இவர்கள் ஏஜென்சி முகவரியைக் கொடுத்திருந்ததால் அந்த ஏற்புக் கடிதத்தையே அவர்கள் அனுப்பிய பிறகுதான் பார்க்க முடிந்தது.