முதலில் மேடையேறும் பேண்டுக்காகப் போங்கள்: சிறிய ராக் அரங்குகள், ஒரு மதிப்பீடு

புதிய ராக் பேண்டுகளைத் தேடிப் பிடிக்க இன்று வழிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் 100 முதல் 350 பேர் வரை நின்று கேட்கக்கூடிய ஒரு சிறிய நேரடி இசை அரங்குக்கு ஈடான வழி இன்னும் வரவில்லை. செயலி பரிந்துரைப்பது, நீங்கள் ஏற்கெனவே கேட்ட பாட்டின் பக்கத்து வீட்டுப் பாட்டைத்தான். அரங்கில் அந்த வடிகட்டல் கிடையாது. ஒரே இரவில் மூன்று பேண்டுகள் ஏறும், அதில் இரண்டின் பெயரை நீங்கள் கேள்விப்பட்டே இருக்க மாட்டீர்கள். ஸ்டுடியோவில் வெட்டி ஒட்டிச் சீராக்கிய குரலும் இல்லை. நாலு பேர் சேர்ந்து வாசித்தால் என்ன வருமோ அதுவே வரும். பேண்டைக் கண்டுபிடிக்கும் வழி என்ற வகையில் 5க்கு 5 கொடுக்கலாம். ஒலித்தரத்துக்கு 3க்கு மேல் கொடுக்க முடியாது. அந்த 3ஐ 4 ஆக்குவது பெரும்பாலும் கேட்பவர் கையில்தான் இருக்கிறது. நேரத்துக்குப் போக வேண்டும், நிற்கும் இடத்தைத் தேர்ந்து நிற்க வேண்டும். இந்த இரண்டையும் கோட்டை விட்டவர்கள்தான் 'ஒரே இரைச்சல், ஒண்ணுமே புரியலை' என்று சொல்லி, அதன் பிறகு அந்தப் பக்கமே போகாமல் இருந்துவிடுகிறார்கள்.

நேரத்துக்குப் போவது என்றால், விளம்பரத்தில் பெரிய எழுத்தில் பெயர் போட்ட பேண்டு ஏறும் நேரத்துக்கு அல்ல. முதலில் ஏறுகிறவர்களின் நேரத்துக்கு. நியூயார்க்கில் ஹில்லி கிறிஸ்டல் 1973 டிசம்பரில் திறந்த சிபிஜிபி அரங்கில், 1975 ஜூனில் ரமோன்ஸ் என்ற பங்க் ராக் பேண்டுக்கு முன்னால் மேடையேறிய அறிமுகமில்லாத பேண்டுதான், பின்னாளில் புகழ்பெற்ற டாக்கிங் ஹெட்ஸ். கிளாஸ்கோவின் கிங் டட்ஸ் அரங்கில் 300 பேர்தான் நிற்கலாம். 1993 மே 31 அன்று அங்கே பட்டியலின் அடியில் வாசித்த, பின்னாளில் புகழ்பெற்ற ஓயஸிஸ் பேண்டைக் கேட்டுவிட்டு, கிரியேஷன் ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் ஆலன் மெகீ அந்த இடத்திலேயே ஒப்பந்தத்துக்கு முன்வந்தார். அன்று அவர் தாமதமாகப் போயிருந்தால் அந்த வாசிப்பைக் கேட்டே இருக்க முடியாது.

சிபிஜிபியிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது இன்னொன்றும் இருக்கிறது. அங்கே வாசிக்க வருபவர்கள் சொந்தப் பாட்டுகளை வாசிக்க வேண்டும் என்பது கிறிஸ்டல் வைத்த விதி. அரங்கைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். பிரபலமான பாட்டுகளை அப்படியே திருப்பி வாசிக்கும் இரவுகள் நிறைந்த இடத்தில் நல்ல வாசிப்பு கிடைக்கலாம், புது பேண்டு கிடைக்காது. அரங்கின் மாத அட்டவணையை எடுத்துப் பாருங்கள். சொந்தப் பாட்டு பேண்டுகள் மூன்று நான்கு சேர்ந்து வாசிக்கும் இரவுகள் மாதத்தில் எட்டாவது இருந்தால் அங்கே யாரோ காது கொடுத்துக் கேட்டு, பொருத்தம் பார்த்து ஏற்பாடு செய்கிறார்கள் என்று அர்த்தம். அப்படிப்பட்டவரின் ரசனை உங்களுக்கு ஒத்துப்போனால், பேண்டின் பெயரைக்கூடப் பார்க்காமல் டிக்கெட் வாங்கலாம். ஒரே இரவில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத ஆறு பேண்டுகள் இருந்தால் கொஞ்சம் யோசியுங்கள். பேண்டுகளின் தலையிலேயே டிக்கெட்டைக் கட்டி, விற்காததற்கு அவர்களிடமே காசு வாங்கும் இடமாக அது இருக்கக்கூடும். ஜப்பானில் 'லைவ் ஹவுஸ்' எனப்படும் சிறிய நேரடி இசை அரங்குகளில் இதற்கு 'நோருமா' என்றே பெயர் உண்டு. இத்தனை டிக்கெட் உங்கள் பங்கு, குறைந்தால் மீதியை நீங்கள் கட்டுங்கள் என்பது கணக்கு. அங்கேயும் அருமையான பேண்டுகள் கிடைக்கும். ஆனால் பட்டியலைத் தீர்மானித்தது காது என்று நம்பிப் போக முடியாது.

கதவு திறக்கும் நேரம் வேறு, மேடை நேரம் வேறு. இரண்டுக்கும் நடுவே பொதுவாக அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் இருக்கும். முதல் பேண்டுக்கு 25 முதல் 30 நிமிடம். அதற்குள் ஆறேழு பாட்டு முடிந்துவிடும், இருபது நிமிடம் தாமதித்தால் மிஞ்சுவது இரண்டு. அடுத்த பேண்டு ஏற 15, 20 நிமிட இடைவெளி. டிரம் செட்டையும், பேஸ் கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் ஆம்பையும் பல இரவுகளில் எல்லாப் பேண்டுகளும் பகிர்ந்துகொள்ளும். டிரம்மர் தன் ஸ்னேர் டிரம், சிம்பல்கள், கிக் பெடல் மூன்றை மட்டும் தூக்கிக்கொண்டு வருவார். இடைவெளி அரை மணியைத் தாண்டுகிறது என்றால் இந்த ஏற்பாட்டை யாரும் முன்கூட்டிப் பேசவில்லை. அது அரங்கின் குறை, பேண்டின் மேல் போட வேண்டாம்.

இனி நிற்கும் இடம். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

சிறிய கூடத்தில் டிரம்ஸும் கிட்டார் ஆம்பும் எழுப்பும் சத்தம் மேடையிலிருந்து நேராகவே எல்லோரையும் எட்டிவிடும். மேடையின் இரு பக்கமும் இருக்கும் பெரிய ஸ்பீக்கர்களின் முதல் வேலை, அந்தச் சத்தத்துக்கு மேலே குரலைத் தூக்கி நிறுத்துவது. அவை மேடை விளிம்பில் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பியிருக்கும். மேடையோடு ஒட்டி நடுவில் நின்றால் அந்த ஒலி உங்களைத் தாண்டிப் பின்னால் போய்விடும். காதில் விழுவது கிட்டாரும் சிம்பலும்தான். 'அந்தப் பாடகருக்குக் குரலே எழவில்லை' என்று முதல் வரிசையிலிருந்து வரும் தீர்ப்பை இதனால் அப்படியே நம்பக்கூடாது.

அடுத்தது கிட்டார் ஆம்பின் ஸ்பீக்கர் பெட்டி. 12 அங்குல ஸ்பீக்கர்கள் வைத்த பெட்டி, கூர்மையான ஒலிகளை டார்ச் வெளிச்சம் மாதிரி நேர்க்கோட்டில் குவித்து வீசும். அந்தக் கோட்டில் காது இருந்தால் ஊசியாகக் குத்தும். இரண்டு மூன்று அடி விலகினால் அதே கிட்டார் மந்தமாகிவிடும். தரையில் வைத்த ஆம்ப் வாசிப்பவரின் கெண்டைக்காலைப் பார்த்து ஒலிக்கிறது, காதைப் பார்த்து அல்ல. தன் காதுக்கு மந்தமாகக் கேட்பதால் அவர் டிரெபிளை, அதாவது கூர்மையான ஒலியை, கூட்டிக்கொண்டே போவார். அது போய் அடிப்பது எதிரே நிற்பவர்களை. ஆம்பைப் பின்னால் சாய்த்தோ, ஒரு பெட்டியின் மேல் ஏற்றியோ வைக்கும் பேண்டைப் பார்த்தால் தைரியமாகக் கிட்டே போங்கள். தங்கள் ஒலி வெளியே எப்படிப் போகிறது என்று யோசித்திருக்கிறார்கள்.

பேஸ் வேறு கதை. பேஸ் கிட்டாரின் தடித்த தந்தி வழக்கமான சுருதியில் 41 ஹெர்ட்ஸ். அதன் ஓர் அலையின் நீளமே 8 மீட்டருக்கு மேல். சின்னக் கூடத்தில் அந்த அலை சுவருக்குச் சுவர் மோதித் திரும்பி, சுவரோரத்திலும் மூலைகளிலும் குவியும். நடுவில் சில இடங்களில் தேய்ந்தும் போகும். பின்சுவரில் சாய்ந்துகொண்டு கேட்பவருக்கு எல்லாப் பேண்டும் ஒரே கும்மென்ற முழக்கமாகத் தெரிவதற்குக் காரணம் இதுதான். சுவரை விட்டு இரண்டு மூன்று அடி முன்னால் வந்தாலே பேஸ் வாசிப்பவரின் விரல்கள் தனித்தனியாகக் கேட்க ஆரம்பிக்கும்.

அப்படியானால் எங்கேதான் நிற்பது? ஒலியைச் சரிசெய்யும் மிக்ஸர் மேசை கூட்டத்துக்கு நடுவில் இருந்தால், அதற்கு இரண்டடி முன்னால். சவுண்ட் இன்ஜினியர் தன் காதுக்குத்தான் எல்லாவற்றையும் சரிசெய்கிறார், அவர் கேட்பதையே நீங்களும் கேட்பீர்கள். மேசை ஓரத்திலோ மாடியடியிலோ ஒதுங்கியிருந்தால் அந்தக் கணக்கு செல்லாது. இரண்டு பெரிய ஸ்பீக்கர்களையும் உங்களையும் சேர்த்து ஏறக்குறைய ஒரு சமபக்க முக்கோணம் வரும் இடத்தைப் பிடியுங்கள். ஒரு பாட்டு முழுக்க அங்கே கேளுங்கள், பிறகு ஓரடி பக்கவாட்டில் நகர்ந்து பாருங்கள். ஓரடியில் இவ்வளவு வித்தியாசமா என்று இருக்கும்.

மேடையில் தவறாகப் போகிறவற்றில் அதிகம் கேட்பது 'கீ' என்ற அந்த ஊளை. மைக்கில் போன குரல், பாடுபவருக்கே கேட்பதற்காக மேடையில் வைக்கும் மானிட்டர் ஸ்பீக்கரில் வந்து, திரும்ப அதே மைக்குக்குள் புகுந்து சுற்றிச் சுற்றி வளர்கிறது. 1966இல் வந்து இன்றும் எங்கு பார்த்தாலும் கண்ணில் படும் ஷூர் எஸ்எம்58 போன்ற மைக், முன்னாலிருந்து வருவதை வாங்கிக்கொண்டு பின்னாலிருந்து வருவதைத் தள்ளிவிடும்படி செய்யப்பட்டது. தலைப்பகுதியின் கம்பி வலையைப் பாடகர் கையால் மூடிப் பிடித்தால் அந்தத் தன்மை கெட்டு, எல்லாப் பக்கமும் வாங்க ஆரம்பிக்கும். ஊளை வரும், குரலும் குடத்துக்குள்ளிருந்து வருவது போலாகும். மைக்கின் உடலைப் பிடித்து நேராகப் பாடும்போதும் ஊளை வந்தால் மானிட்டரின் அளவையும் இடத்தையும் சந்தேகிக்கலாம். முதல் பேண்டுக்கு முழு சவுண்ட் செக் கிடைப்பது அரிது. ஒவ்வொரு மைக்கும் வேலை செய்கிறதா என்று தட்டிப் பார்க்கும் ஐந்து நிமிடம்தான் பல நேரம் கிடைக்கும். அவர்களின் முதல் பாட்டுதான் உண்மையில் சவுண்ட் செக். இன்னொன்று, ஆட்கள் குறைவாக இருக்கும் கூடம் எதிரொலிக்கும். மனித உடலும் உடையும் கூர்மையான ஒலிகளை உறிஞ்சிக்கொள்ளும், கூட்டம் சேரச் சேரத் தெளிவு கூடும். ஆகவே முதல் பேண்டை இரண்டாம் பாட்டிலிருந்து மதிப்பிடுவதுதான் நியாயம்.

எதை வைத்து மதிப்பிடுவது? ஒலி எவ்வளவு மோசமாக இருந்தாலும் மறைக்க முடியாத சில விஷயங்கள் உண்டு. காலால் அடிக்கும் கிக் டிரம்மின் அடியும் பேஸின் சுரமும் ஒன்றாக விழுகின்றனவா என்று பாருங்கள். இரண்டும் ஒரே ஆளின் அடி மாதிரி விழுந்தால் அந்தப் பேண்டு நிறைய ஒத்திகை பார்த்திருக்கிறது. பாட்டு தணியும் இடத்தில் வேகம் சரியாமல், ஓடாமல் நிற்கிறதா? உரக்க வாசிப்பது எவராலும் முடியும், மெல்ல வாசிக்கும்போது தாளத்தைப் பிடித்துவைப்பதுதான் கடினம். இரண்டு பாட்டுக்கு நடுவே என்ன செய்கிறார்கள் என்பதும் முக்கியம். காலால் மிதிக்கும் சுருதிக் கருவியான பெடல் டியூனரில் ஒலியை அடைத்துக்கொண்டு சத்தமில்லாமல் சுருதி சேர்ப்பவர்கள் கேட்பவர்களை மதிக்கிறார்கள். தரையில் ஒட்டிய பாட்டு வரிசைத் தாளில் ஒரு பெயர் மட்டும் தற்காலிகமாக, 'புதுசு' என்பது போல எழுதியிருந்தால் அந்தப் பாட்டுக்குக் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். இன்னும் முடியாத ஒரு பாட்டை அதை எழுதியவர்களிடமிருந்தே நேரில் கேட்பது பெரும் பேறு. பதிவாகி வரும்போது அது வேறாகியிருக்கும்.

காதுக்கு இயர்பிளக் இல்லாமல் போக வேண்டாம். சிறிய ராக் அரங்கில் 100 டெசிபல் சர்வசாதாரணம். அமெரிக்காவின் பணியிட ஆரோக்கிய ஆய்வு நிறுவனமான நியோஷின் அளவுகோலின்படி 85 டெசிபலை 8 மணி நேரம் தாங்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகிறது, 100க்கு வரும்போது 15 நிமிடம்தான் மிஞ்சும். உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட வழிகாட்டு நெறியும் அரங்குகளுக்கு 15 நிமிடச் சராசரி 100 டெசிபலையே உச்சவரம்பாக வைக்கிறது. மஞ்சள் பஞ்சு வகை காதைக் காக்கும், ஆனால் கூர்மையான ஒலிகளை அதிகமாக வெட்டுவதால் பாட்டு போர்வைக்குள் போய்விடும். வடிகட்டி வைத்த இசைக்கான வகை எல்லா ஒலியையும் ஏறத்தாழ ஒரே அளவில் இறக்கும், குரல் வார்த்தை வார்த்தையாகத் தெரியும். எது வாங்கினாலும் சரியாக அணியாவிட்டால் வீண். எதிர்க்கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னும் இழுத்து, துளை நேரானதும் செருகுங்கள். பஞ்சு வகையானால் முதலில் மெல்லிய திரியாக உருட்டி, செருகிய பின் அரை நிமிடம் விரலால் பிடித்திருங்கள். முதல் பாட்டுக்கு முன்பே போட்டுவிடுங்கள், காது இரைய ஆரம்பித்த பிறகு போடுவது காலம் கடந்த வேலை.

விளக்கு, இருக்கை பற்றிச் சொல்ல அதிகமில்லை. நிற்பதற்குத் தயாராகப் போங்கள், தட்டையான செருப்பு போதும்.

வாசலில் சில இடங்களில் 'யாரைப் பார்க்க வந்தீங்க?' என்று கேட்பார்கள். பேச்சுக்குக் கேட்பதில்லை. எந்தப் பேண்டுக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று கோடு போட்டு, அதன்படிதான் பணம் பிரிப்பார்கள். முதல் பேண்டைக் கேட்க வந்திருந்தால் கூச்சப்படாமல் அவர்கள் பெயரையே சொல்லுங்கள்.

பிடித்துப்போனால், பேண்டு தன் பொருள்களை விற்கும் மேசைக்குப் போய் வாங்குங்கள். பேண்டு இறங்கிய உடனே ஓட வேண்டாம், முதலில் அவர்கள் மேடையைக் காலி செய்தாக வேண்டும். பத்துப் பதினைந்து நிமிடம் கழித்துப் போனால் ஆள் இருப்பார். டி-ஷர்ட், கேசட், இசைத்தட்டு எதுவானாலும் கையில் கொடுக்கும் பணத்தில் பெரும்பங்கு அவர்களுக்கே போகும். மேசையில் எதுவும் இல்லையென்றால், பேண்டுகள் தங்கள் இசையை விற்கும் பேண்ட்கேம்ப் இணையதளத்தில் தேடலாம். பொதுவாக டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதமும் பொருள்களில் 10 சதவீதமும்தான் அந்தத் தளம் எடுத்துக்கொள்கிறது, பணப் பரிமாற்றக் கட்டணம் தனி. 2020 மார்ச்சில் தொடங்கிய 'பேண்ட்கேம்ப் ஃப்ரைடே' நாள்களில் தன் பங்கையும் விட்டுக்கொடுக்கிறது. எம்பி3 மட்டுமல்லாமல் தரம் குறையாத ஃப்ளாக் கோப்பும் இறக்கலாம்.

பெயரைக் காதால் கேட்டு மட்டும் நம்பிப் போகாதீர்கள். உயிரெழுத்தை விட்டு எழுதுவது, எண்ணைச் செருகுவது என்று பேண்டுகள் பெயரை ஏதேதோ செய்து வைத்திருக்கும், வீட்டுக்குப் போய்த் தேடினால் அகப்படாது. கிக் டிரம்மின் முகப்பிலோ ஸ்டிக்கரிலோ இருக்கும் எழுத்தை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். மேசையில் நிற்பவரிடம் ஒரு கேள்வியையும் கேட்டுவிடுங்கள்: 'நீங்க வழக்கமா யார்கூடச் சேர்ந்து வாசிப்பீங்க?' பெரும்பாலும் இரண்டு மூன்று பெயர் சொல்வார். அடுத்த டிக்கெட்டை அந்தப் பெயர்கள் இருக்கும் இரவுக்கு வாங்குங்கள்.