'ஏவியேஷன் கிரேடு விட்டான்' என்று உறையில் இருந்தது, உள்ளே இருந்தது வேறு

இதில் பாதித் தப்பு என்னுடையது, அதை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன்.

நானே கட்டிக்கொண்டிருக்கும் இரண்டு இருக்கை விமானத்துக்காக ஒரு பழைய மஸ்தா 13பி ரோட்டரி இன்ஜினைப் பிரித்துப் புதுப்பித்தேன். (ரோட்டரி என்றதும் முதல் உலகப் போரில் சிலிண்டர்களே சுற்றினவே, அந்த வகையை நினைத்துவிடாதீர்கள். இது வாங்கெல், பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் ஒன்று ஹவுசிங் என்ற கூட்டுக்குள் சுற்றும் வகை.) இந்த இன்ஜின் என்றாலே எல்லாரும் ரோட்டரின் முனைகளில் இருக்கும் அபெக்ஸ் சீலைப் பற்றித்தான் பேசுவார்கள், நானும் அதற்காக மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் ரப்பர் வளையங்கள்தானே என்று மற்ற சீல்களை எல்லாம் ஒரே கிட்டாக ஆன்லைனில் வாங்கிப் போட்டுவிட்டேன். உறையில் 'ஏவியேஷன் கிரேடு விட்டான், 200 டிகிரி' என்று பளபளவென அச்சடித்திருந்தது. (விட்டான் என்பது சூட்டையும் ஆயிலையும் தாங்கும் ஒருவகை ஃபுளோரோ ரப்பர்.) விற்றவர் பெயரைச் சொல்லப் போவதில்லை, அதே வாசகத்தோடு இன்னும் பலர் விற்கிறார்கள், ஒருவரைத் தவிர்த்துவிட்டு அடுத்தவரிடம் போய் ஏமாந்தால் என்ன பயன்.

விமானத்தில் ஏற்றும் முன்பே, ஸ்டாண்டில் ஓட்டும்போதே தெரிந்துவிட்டது, அது மட்டும் நல்ல காலம். 9 மணி நேரம் ஓடியிருக்கும். ஒருநாள் காலையில் ஸ்டார்ட் செய்ததும் வெள்ளைப் புகை, கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) சூட்டில் விரிந்து வந்து நிற்கும் எக்ஸ்பான்ஷன் டேங்கில் விடாமல் குமிழி, ரேடியேட்டர் ஹோஸ் சூடாவதற்குள்ளேயே கல் மாதிரி இறுகிவிட்டது. எரிந்த வாயு கூலன்ட்டுக்குள் போகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டாம். கூடவே ஆயில் குறைந்துகொண்டே வந்தது, அதற்கு நானாக ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிரித்துப் பார்த்தால், எரியும் இடத்துக்கும் கூலன்ட்டுக்கும் நடுவே தடுப்பாக இருக்கும் உள்பக்கக் கூலன்ட் சீல் ஸ்பார்க் பிளக் இருக்கும் பக்கத்தில் மட்டும் கருகித் தட்டையாகி, நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்ந்தது. அதே வளையத்தின் இன்டேக் பக்கம் புதுசு போல மெத்தென்று இருந்தது. வாங்கெலின் குணமே இதுதான். பிஸ்டன் இன்ஜினில் சூடான அதே இடத்துக்குக் குளிர்ந்த கலவையும் வந்து போகும், இதில் எரிப்பு எப்போதும் ஹவுசிங்கின் ஒரே பக்கத்தில்தான் நடக்கும், அந்தப் பக்கம் என்றைக்கும் ஆறாது. கூலன்ட் மானி 90 காட்டுகிறது என்பதற்காக அந்த மூலையில் இருக்கும் ரப்பரும் 90இல்தான் இருக்கிறது என்று நினைக்கக் கூடாது. காரில் முழு ஆக்ஸிலரேட்டர் சில நொடிகள்தான், விமானத்திலோ 75 சதவீதப் பவரில் மணிக்கணக்காக ஓட்ட வேண்டும். ரோட்டரின் உள்பக்கத்தைக் குளிர்விப்பதும் ஆயில்தான். அந்த ஆயில் எரியும் இடத்துக்குப் போகாமல் தடுக்கும் ஆயில் கன்ட்ரோல் ரிங்குகளின் ஓ-ரிங் (ரப்பர் வளையம்), மொத்தம் 8, ஒவ்வொன்றும் பிளாஸ்டிக் போல விறைத்திருந்தது. வளைத்தேன், படக்கென்று முறிந்தது.

கிட்டில் உபரியாக வந்த ஓ-ரிங் ஒன்றை எடுத்து, நகைத் தராசு மாதிரி ஒரு சின்னத் தராசில் எடை போட்டேன். காற்றில் 2.7 கிராம், நூலில் கட்டித் தண்ணீரில் முழுக்கித் தொங்கவிட்டால் 0.5 கிராம். 2.7ஐ எடை குறைந்த 2.2ஆல் வகுத்தால் அடர்த்தி சுமார் 1.23. இது நைட்ரைல் என்ற சாதாரண ரப்பர் வாக்கில் வரும் எண். விட்டான் வகை ஃபுளோரோ ரப்பர் 1.8க்குப் பக்கத்தில் நிற்கும், அதாவது இதே அளவு வளையம் 4 கிராம் இருந்திருக்க வேண்டும். ஐந்து நிமிட வேலை, பூட்டும் முன் செய்திருந்தால் இந்தப் பதிவே இல்லை. நிறத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்பார்கள், நம்பாதீர்கள், பழுப்பு சாயம் எந்த ரப்பரிலும் ஏறும். கொளுத்திப் பார்க்கும் வேலையும் வேண்டாம், ஃபுளோரோ ரப்பர் அளவுக்கு மீறிச் சூடானால் ஹைட்ரஜன் ஃபுளோரைடு வெளியாகும், அது விளையாட்டுச் சமாச்சாரம் இல்லை. கருகிய விட்டான் பிசுபிசுப்பை வெறுங்கையால் துடைப்பதும் அதே காரணத்துக்காக ஆபத்து.

விற்றவருக்கு எழுதினேன். முதலில் ஒரு டேட்டாஷீட் அனுப்பினார். ரப்பர் தயாரிப்பாளர்கள் எல்லோருக்கும் பொதுவாகக் கொடுக்கும் தாள், பேட்ச் எண் இல்லை, வார்த்த தேதி இல்லை. அதைக் கேட்டதும் "நீங்கள்தான் ஓவர்ஹீட் செய்திருப்பீர்கள்" என்றார். பதிவுக் கருவியின் கணக்கை அனுப்பினேன், கூலன்ட் 92ஐயும் ஆயில் 98ஐயும் தாண்டவே இல்லை. நான்கு நாள் மௌனம். அப்புறம், சீலுக்கான காசை மட்டும் தருகிறேன், ரிவ்யூவை எடுத்துவிடுங்கள் என்று ஒரு பேரம். எடுக்கவில்லை.

இன்னொரு விஷயம், அது அசல் விட்டானாகவே இருந்திருந்தாலும் எல்லா இடத்துக்கும் அதையே போட்டது சரியா என்றால், இல்லை. டிகிரி எண்ணை மட்டும் பார்த்து வாங்கினேன், ரப்பரைத் தொடப்போகும் திரவம் என்ன என்று யோசிக்கவில்லை. ஆயில் பக்கத்துக்கு விட்டான் அருமையான தேர்வு. ஆனால் சாதாரண விட்டானுக்குக் கொதிக்கும் தண்ணீரும் நீராவியும் ஆகாது, கூலன்ட்டில் போடவேண்டும் என்றால் பெராக்சைடு முறையில் பதப்படுத்திய ரகமா என்று கேட்டு வாங்க வேண்டும். இ.பி.டி.எம். என்ற செயற்கை ரப்பர் கூலன்ட்டில் ராஜா, ஆயில் பட்டால் ஊதிப்போகும். சிலிக்கோன் 200 டிகிரியைச் சர்வசாதாரணமாகத் தாங்கும், பெட்ரோல் பட்டால் உப்பிவிடும், கிழிவதும் சுலபம். டெஃப்லான் வகை உறை போர்த்திய சிலிக்கோன் வளையம் இரண்டு பக்கமும் தாக்குப்பிடிக்கும், ஆனால் விறைப்பாக இருப்பதால் காடியில் உட்காரவைப்பதற்குள் பொறுமை போய்விடும். உங்கள் ஹவுசிங்கின் காடி அளவைப் பார்க்காமல் அதை வாங்கவும் கூடாது.

இந்தத் தடவை பேட்ச் எண்ணும் வார்த்த தேதியும் போட்ட சான்றிதழ் தருகிறவரிடம்தான் வாங்கினேன். வந்த 8 ஆயில் ஓ-ரிங்குகளையும் எடை போட்டேன், 7 சரியாக இருக்கின்றன. ஒன்று மட்டும் 2.8 கிராம் காட்டுகிறது. அதைத் தனியாக ஒரு கவரில் போட்டு வைத்திருக்கிறேன், காலையில் அவருக்குப் போன் செய்ய வேண்டும்.