காம்பாஸ் மென்பொருள்: 137 கேள்வி, 10 மதிப்பெண்

அமெரிக்காவில் ஒருவர் குற்றவாளியா இல்லையா என்பதை ஜூரி (வழக்கைக் கேட்டு முடிவு சொல்லும் பொதுமக்கள் குழு) சொல்லும். ஜாமீன் தரலாமா, எத்தனை வருஷம் உள்ளே வைப்பது, பரோலில் விடலாமா என்ற கட்டங்களில்தான் காம்பாஸ் நுழைகிறது. நார்த்பாயிண்ட் நிறுவனம் (இன்றைய பெயர் ஈக்விவண்ட்) விற்கும் இந்த மென்பொருளின் வேலை, ஆள் மறுபடி குற்றம் செய்வாரா என்று கணிப்பது.

கேள்வித்தாளில் 137 கேள்விகள். சிலவற்றைப் பழைய வழக்குப் பதிவுகளிலிருந்து நிரப்புவார்கள், மற்றதை ஆளிடமே கேட்பார்கள். நண்பர்களில் எத்தனை பேர் கைதானவர்கள், பசித்தவனுக்குத் திருட உரிமை உண்டா என்றெல்லாம் கேள்வி வரும். இனம் கேட்பதில்லை. மதிப்பெண் 1–4 வந்தால் ஆபத்து குறைவு, 5–7 நடுத்தரம், 8–10 அதிகம்.

பலரும் சறுக்குவது இந்த எண்ணில்தான். 8 என்றால் 80 சதவீத வாய்ப்பு என்று அர்த்தமில்லை. ஒப்பீட்டுக்கு எடுத்த கூட்டத்தைப் பத்துப் பங்காக்கினால் இவர் எட்டாவது பங்கில் நிற்கிறார், அவ்வளவே. எந்தக் கூட்டம் என்று கேட்காமல் அந்த எண்ணைப் படிக்கக் கூடாது.

துல்லியம்? புளோரிடாவின் ப்ரோவர்ட் கவுண்டியில் கைதான 1000 பேரை வைத்து டார்ட்மவுத் கல்லூரி ஆய்வாளர்கள் 2018இல் சோதித்தார்கள். ஆன்லைனில் பிடித்த சாதாரண ஆட்களுக்குக் கைதானவரைப் பற்றி ஏழே விவரம் கொண்ட ஒரு பத்தி தந்து, இவர் மறுபடி குற்றம் செய்வாரா என்று கேட்டார்கள். இருபது பேரின் பெரும்பான்மை முடிவு 67 சதவீதம் சரி, காம்பாஸ் 65. வயசையும் பழைய தண்டனைகளின் எண்ணிக்கையையும் மட்டும் வைத்த எளிய சூத்திரத்துக்கும் ஏறக்குறைய அதே 67! ஆனால் ஒன்று, அந்த ஆட்களுக்கு ஒவ்வொரு பதிலும் சரியா தப்பா என்று உடனே சொல்லப்பட்டது. நிஜ நீதிமன்றத்தில் முடிவெடுப்பவருக்கு அந்தச் சலுகை இல்லை.

அதே கவுண்டியை 2016இல் ப்ரோபப்ளிகா என்ற புலனாய்வுச் செய்தி நிறுவனம் அலசியபோது, பிறகு குற்றமே செய்யாத கறுப்பினத்தவரில் 45 சதவீதம் பேருக்கு ஆபத்து முத்திரை விழுந்திருந்தது, வெள்ளையரில் 23. ஒரே மதிப்பெண் வாங்கிய இரு இனத்தவரும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் மறுபடி பிடிபடுகிறார்கள் என்பது நிறுவனத்தின் வாதம். இரண்டுமே உண்மை. மறுகைது விகிதம் இனத்துக்கு இனம் வேறுபடும்போது இரண்டு வகை நியாயத்தையும் ஒரே கருவி தர முடியாது.

ஜூரியில் உட்கார வருபவரைத் தேர்வின்போதே வக்கீல் கேள்வி கேட்டுக் கழிக்கலாம். காம்பாஸை அப்படிக் கேள்வி கேட்க முடியாது; அதில் எந்தப் பதிலுக்கு எவ்வளவு எடை என்பது வணிக ரகசியம். 2016இல் லூமிஸ் என்பவரின் வழக்கில், தண்டனை விதிக்கும்போது காம்பாஸைப் பார்க்க விஸ்கான்சின் மாநில உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. மதிப்பெண்ணே தண்டனையைத் தீர்மானிக்கக் கூடாது, அறிக்கையில் எச்சரிக்கைக் குறிப்பு வேண்டும் என்ற நிபந்தனைகளோடு. நியூயார்க்கில் ஒரு கைதியின் படிவத்தில் ஒழுங்கு நடவடிக்கை பற்றிய ஒரு பதில் தப்பாக விழுந்து, பரோல் மறுக்கப்பட்டது. அந்த ஒரு பதில் மதிப்பெண்ணை எவ்வளவு ஏற்றியது என்று காட்ட அவருக்கு வழியில்லை.

காம்பாஸுக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு இரண்டு. வக்கீல்கள் மதிப்பெண்ணோடு நின்றுவிடாமல் நிரப்பிய படிவத்தின் நகலையும் கேட்டு வாங்கி, 137 பதிலையும் கட்சிக்காரரோடு உட்கார்ந்து சரிபார்க்க வேண்டும்.