டிரெப்பா, என்ஏசியா: வறட்சி ஆய்வுக்கு எது?

இரண்டுமே செடிகளின் படியெடுத்தல் காரணிக் குடும்பங்கள், அதாவது மற்ற மரபணுக்களை இயக்கும் அல்லது அடக்கும் புரதங்கள். எதை எடுப்பது என்று குழம்புபவர்களுக்கு:

வேலை
டிரெப்: டிரெப்1 குளிருக்கு, டிரெப்2 வறட்சிக்கும் வெப்பத்துக்கும்.
என்ஏசி: வளர்ச்சியிலும் கைவைக்கும். அராபிடாப்சிஸில் (ஆய்வகங்களில் மாதிரியாக வளர்க்கும் சிறு செடி) சியூசி1, சியூசி2 என்ற என்ஏசி மரபணுக்கள் இரண்டும் பழுதானால் விதையிலைகள் ஒட்டிக்கொண்டு கிண்ணமாகிவிடும். தண்டு நுனியே உருவாகாது.

எண்ணிக்கை
என்ஏசி மரபணுக்கள் அராபிடாப்சிஸில் மட்டும் 100க்கு மேல். ஒன்றை முடக்கினால் இன்னொன்று ஈடுகட்டிவிடலாம். எரிச்சல்தான்.

தொல்லை
டிரெப்1ஏ எந்நேரமும் இயங்கினால் செடி குள்ளமாகிவிடும். வறட்சி, குளிர் போன்ற நெருக்கடியில் மட்டும் விழிக்கும் ஆர்டி29ஏ புரோமோட்டரை (மரபணுவை இயக்கும் டிஎன்ஏ பகுதி) சேர்த்தால் பெரும்பாலும் சரியாகும். டிரெப்2ஏ இன்னும் முரண்டு: புரதம் சீக்கிரம் சிதைந்துவிடும்.

குளிர் தாங்க வேண்டுமா, டிரெப்1. நெல்லில் வறட்சி என்றால் நான் எஸ்என்ஏசி1 என்ற நெல்லின் என்ஏசி மரபணுவைத்தான் எடுப்பேன். 2006-இல் வெளியான வயல் சோதனையில், அதை மிகையாக இயக்கிய நெல் விளைச்சலைக் கெடுக்காமல் பூக்கும் பருவ வறட்சியைத் தாங்கியது.