கடல்பசு காட்டறோம்னு 14,500 ரூபாய் வாங்கி ஏமாத்திட்டாங்க, நம்மூர்க்காரங்க உசாரு

கோயம்புத்தூர்ல உக்காந்துக்கிட்டு ராமேஸ்வரத்துக் கடலை விக்கிற ஒரு டிராவல்ஸ் ஆபீசுங்க, பேரு வேண்டாம். எட்டுப் பேருக்குப் படகுச் சவாரி 14,500 ரூபாய், முழுசும் முன்கூட்டியே ஜிபேல வாங்கிட்டாங்க. "நானும் பல்லடந்தானுங்கண்ணா, நம்மூர் ஆளுங்களை ஏமாத்துவனா?"ன்னு கேட்டுட்டே அந்த ஆபீஸ்காரன் பில்லுல பேனாவால எழுதினான்: "டால்பின், கடல்பசு கட்டாயம். தீவுல இறங்கலாம்." மேல ஒரு சீலு. அந்தச் சீலுதான் நம்ப வெச்சது.

அதுல ஒண்ணுக்குக்கூட யாரும் உறுதி குடுக்க முடியாதுங்க. மன்னார் வளைகுடாவுல இருக்கற 21 தீவும் 1986ல அறிவிச்ச கடல் தேசியப் பூங்கா, வனத்துறை அனுமதி இல்லாம கால் வெக்கக்கூடாது. கடல்பசு, அங்கத்த மீனவங்க ஆவுளியாம்பாங்க, கடற்புல்லை மேஞ்சுட்டு மூச்சு வாங்க மூக்கை மட்டும் சில நொடி நீட்டிட்டு முங்கிரும். இஞ்சின் சத்தம் கேட்டா ஒதுங்கிப் போயிரும். டால்பினாவது காலையில வெள்ளன, கடல் அடங்கிக் கெடக்கறப்ப இஞ்சினை நிறுத்திட்டுக் காத்திருந்தா முதுகுத் துடுப்பு தட்டுப்படலாம். காத்து ஏறி அலை நுரைச்சா எது துடுப்பு, எது அலைன்னே தெரியாது.

எங்களை ஏத்துனது ஆடி மாசம், மத்தியானம், தென்கடல்ல, அதாவது மன்னார் வளைகுடாப் பக்கம்! ஆடிக்காத்துல தென்கடல் எழும்பும், வடகடல், அதாவது பாக் நீரிணைப் பக்கம், அடங்கியிருக்கும். கார்த்திகை, மார்கழியில அப்படியே மாறும். இதுகூடத் தெரியாம எதுக்குக் கடல் டூர் நடத்தறாங்க? திறந்த ஃபைபர் படகு, எட்டுப் பேருக்கு மூணே லைஃப் ஜாக்கெட், அதுலயும் ஒண்ணுல பக்கிள் உடைஞ்சிருக்கு. பாம்பன் பாலம் தெரியற வரைக்கும் போயிட்டுத் திருப்பிட்டாங்க. படகுக்காரர் மேல குத்தமில்ல, அவர் கைக்குப் போய்ச் சேர்ந்ததே 2,000 ரூபாய்தானாம்.

வந்து கேட்டா, "டால்பின் வராததுக்கு நான் என்னங்கண்ணா பண்றது?" மறுநாள், "ஓனர் வெளியூருங்க." அப்புறம், "படகுக்காரர்கிட்டயே கேளுங்க." கடைசியா, அடுத்த டூர்ல கழிச்சுக்கலாமாம். இப்ப நம்பரையே பிளாக் பண்ணிட்டாங்க. 14,500 ரூபாய்ங்க! கொழந்தைங்களை உடைஞ்ச ஜாக்கெட்டோட ஏத்துனதுக்கு ஒரு வார்த்தை வருத்தமில்ல.

"கட்டாயம் காட்டுவோம்"னா எந்திரிச்சு வந்துருங்க. ஜாக்கெட்டை மாட்டிப் பாத்துட்டு, கரையிலயே படகுக்காசைக் குடுங்க. ராமநாதபுரம் மாவட்டத்துக் காரங்காடு மாதிரி வனத்துறை ஏற்பாட்டுல படகு விடற இடத்துக்கு நேராப் போயிருங்க. பில்லு இருந்தா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அடிங்க. நாங்க அடிச்சாச்சு.