பதின்மூன்று நாள் அமைச்சரவையைப் படிக்க உதவும் இதழ்க் களஞ்சியம்: ‘பேப்பர்ஸ் பாஸ்ட்’ சேவை குறித்த மதிப்புரை

நியூசிலாந்தின் முதல் பிரதமர் என்று வரலாற்று நூல்கள் குறிப்பிடும் ஹென்றி சூவெல் 1856 மே 7 அன்று பதவியேற்று, மே 20 அன்று பதவியை இழந்தார். அவருக்கு அடுத்து வந்த வில்லியம் ஃபாக்ஸின் அமைச்சரவையும் அதே பதின்மூன்று நாள்களில், ஜூன் 2 அன்று, முடிந்துபோயிற்று. அன்று பொறுப்பேற்ற எட்வர்ட் ஸ்டாஃபோர்ட் 1861 ஜூலை வரை ஆட்சியில் நீடித்ததால், பொது வரலாறுகள் முதல் இருவரையும் ஒரு பத்தியில் முடித்துவிட்டு அவரிடம் சென்றுவிடுகின்றன. அந்த இருபத்தாறு நாள்களில் ஆக்லாந்தில் யார் என்ன பேசினார்கள், எந்த வாதத்தில் ஓர் அரசு கவிழ்ந்தது என்று அறிய விரும்புகிறவர் அக்காலச் செய்தித்தாள்களைத்தான் நாட வேண்டும். அவற்றை இணையத்தில் தருவது நியூசிலாந்து தேசிய நூலகத்தின் ‘பேப்பர்ஸ் பாஸ்ட்’ சேவை. அதன் எல்லாப் பயன்களையும் அளக்காமல், இந்த ஒரு வேலைக்கு அது எவ்வளவு தூரம் உதவுகிறது என்பதை மட்டும் இங்கே பார்க்கிறேன்.

2001இல் தொடங்கப்பட்டபோது பக்கங்களின் படங்களை மட்டுமே தந்த இந்தச் சேவை, பிறகு சொல்லிட்டுத் தேடும் வசதியோடு வளர்ந்தது. செய்தித்தாள்கள் 1839இலிருந்து கிடைக்கின்றன. சஞ்சிகைகள், கடிதங்களும் நாட்குறிப்புகளும், நாடாளுமன்ற ஆவணங்கள், நூல்கள் ஆகியவற்றுக்குத் தனிப் பிரிவுகள் உள்ளன. கட்டணம் கிடையாது, பதிவு செய்துகொள்ள வேண்டியதில்லை, விளம்பரங்கள் குறுக்கிடுவதும் இல்லை. வெலிங்டனில் இருக்கும் ஆய்வாளருக்குத் திறக்கும் அதே பக்கம் சென்னையில் இருப்பவருக்கும் அப்படியே திறக்கிறது. பொதுப்பணத்தில் நடக்கும் ஒரு நூலகம் தன் கதவை இவ்வளவு அகலமாகத் திறந்து வைத்திருப்பது மனமாரப் பாராட்ட வேண்டிய செயல்.

1856ஆம் ஆண்டைப் பொறுத்தவரை செய்தித்தாள்களுக்கு இத்தனை முக்கியத்துவம் ஏன் என்பதைச் சற்று விளக்க வேண்டும். நியூசிலாந்து நாடாளுமன்றத்தில் விவாதங்களை எழுத அதிகாரப்பூர்வமான பதிவாளர்கள் 1867இல்தான் அமர்த்தப்பட்டார்கள். 1854 முதல் 1866 வரையிலான விவாதத் தொகுதிகள், 1880களில் பழைய செய்தித்தாள்களில் வந்த அறிக்கைகளைத் திரட்டித் தொகுக்கப்பட்டவை. பிரதிநிதிகள் சபையின் ஆவணப் பின்னிணைப்புத் தொடரும் 1858இல்தான் ஆரம்பமாகிறது. ஆகவே சூவெலின் ஆட்சியைப் பற்றி நாம் படிக்கும் எந்த விவாதமும், எந்தத் தொகுதியில் அச்சாகியிருந்தாலும், பார்வையாளர் பகுதியில் உட்கார்ந்து கேட்டுக் குறித்துக்கொண்ட ஒரு பத்திரிகைச் செய்தியாளரின் கை வழியாக வந்ததே. தொகுப்பாளர் வெட்டியதற்கு முன்பிருந்த வடிவத்தை, அது வெளியான நாளின் பக்கத்திலேயே படிக்க முடிகிறது என்பதுதான் இந்தச் சேவையின் பெரும் மதிப்பு.

அப்படிப் படிப்பதற்குச் சொல்தேடலைவிடத் தேதிவழி உலாவலே ஏற்றது. ஆண்டைத் தேர்ந்து, மாதத்தைத் தேர்ந்து, நாட்காட்டியில் ஒரு நாளைச் சொடுக்கினால் அன்று வெளியான இதழ்களின் பட்டியல் வந்துவிடுகிறது. அப்போதைய தலைநகரான ஆக்லாந்தில் இரண்டு பெரிய இதழ்கள் இருந்தன. ‘சதர்ன் கிராஸ்’ செவ்வாய், வெள்ளிக்கிழமைகளிலும், ‘நியூசிலாண்டர்’ புதன், சனிக்கிழமைகளிலும் வெளிவந்தன. (‘டெய்லி’ என்ற முன்னொட்டோடு முதல் இதழ் பட்டியலிடப்பட்டிருந்தாலும் 1856இல் அது நாளிதழ் அன்று, பட்டியலைப் பார்த்துவிட்டு இதழ்கள் விடுபட்டிருப்பதாக எண்ண வேண்டாம்.) இரண்டையும் மாற்றி மாற்றிப் படித்தால் வாரத்தில் நான்கு நாள்களுக்குச் செய்தி கிடைத்துவிடும். ஓர் இதழைத் திறந்ததும் முதல் பக்கம் முழுவதும் விளம்பரங்கள்தான் நிற்கும்: நில ஏலம், சரக்கு விற்பனை, கப்பல் புறப்பாடு. இரண்டாம் பக்கத்திலும் மூன்றாம் பக்கத்திலும் நெருங்கிய சிற்றெழுத்தில் சபை நடவடிக்கைகள் தொடர்கின்றன. ஒவ்வொரு கட்டுரையும் தனித் துண்டாக வெட்டித் தரப்பட்டுள்ளது. அருகிலேயே இதழின் பெயர், தொகுதி, இதழ் எண், தேதி, பக்கம் ஆகிய விவரங்கள் உள்ளன. மேற்கோள் காட்டுவோருக்கு நிலையான இணைப்பும் உண்டு. முழுப் பக்கத்தையும் பிடிஎஃப் கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். சபை அறிக்கைகளைப் படிப்பவர்கள் இதைச் செய்வதே நல்லது, ஏனெனில் ஒரே விவாதம் பத்தி தாண்டியும் பக்கம் தாண்டியும் ஓடும்போது துண்டுகளாகப் படித்தால் பேச்சின் ஓட்டம் அறுந்துவிடுகிறது.

கட்சிகள் தோன்றாத காலத்துச் சபையைப் புரிந்துகொள்ள இந்தத் தொடர்வாசிப்பு எவ்வளவு உதவுகிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் சொல்லலாம். இன்றைய கண்ணுக்கு சூவெல் தோற்றார், ஃபாக்ஸ் வென்றார், பிறகு ஃபாக்ஸும் தோற்றார் என்று மூன்று தனி ஆட்சிகளாகத் தெரிகிற நிகழ்ச்சிகள், இதழ்களில் ஒரே நீண்ட பேரமாகத் தெரிகின்றன. 1852ஆம் ஆண்டு அரசியலமைப்புச் சட்டம் ஆக்லாந்து, நியூ பிளிமத், வெலிங்டன், நெல்சன், கேன்டர்பரி, ஒட்டாகோ என்று ஆறு மாகாணங்களை ஏற்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு சூப்பரின்டெண்டண்டையும் (மாகாணத் தலைவரையும்) ஒரு மன்றத்தையும் தந்திருந்தது. நில விற்பனை வருமானம் மாகாணங்களுக்கா, மைய அரசுக்கா என்பதும், பிரிட்டனிலிருந்து குடியேற்றங்களை நடத்திய நியூசிலாந்து கம்பெனி என்ற தனியார் நிறுவனத்துக்குத் தரவேண்டிய ஏறத்தாழ 2,68,000 பவுன் கடனை யார் சுமப்பது என்பதுமே அன்றைய பெரிய கேள்விகள். கம்பெனியின் குடியேற்றத்தோடு தொடர்பில்லாத ஆக்லாந்து மாகாணம் அந்தக் கடனில் தனக்குப் பங்கில்லை என்று கருதியது. சூவெல் மைய அரசின் மேலாண்மையை வலியுறுத்தியவர். ஃபாக்ஸ் மாகாணங்களின் பக்கம் நின்றவர். இருவருக்கும் நடுவே எந்தப் பக்கமும் உறுதியாகச் சாயாத உறுப்பினர்கள் பலர் இருந்தார்கள். கொறடா உத்தரவும் கட்சி அட்டையும் இல்லாத சபையில் ஒவ்வொரு வாக்கும் அவரவர் மாகாணத்தின் வரவுசெலவை ஒட்டியே விழுந்தது. ஜூன் மாதம் ஸ்டாஃபோர்ட் அமைத்த அமைச்சரவையில் யார் நிதிப் பொறுப்பை ஏற்றார் என்று பார்த்தால், இரண்டு வாரங்களுக்கு முன் கவிழ்ந்த அதே சூவெல்! அவருடைய அமைச்சரவையில் இருந்த ஃபிரெடரிக் விட்டேக்கரும் அட்டர்னி ஜெனரலாகத் திரும்பிவிட்டார். நில வருவாய் மாகாணங்களிடமே இருக்கட்டும், 5,00,000 பவுன் கடன் வாங்கிப் பழைய கடன்களைத் தீர்க்கலாம் என்ற உடன்பாடு அந்த ஆண்டிலேயே ஏற்பட்டது. அந்தக் கடனுக்கான பேச்சு நடத்த லண்டனுக்குப் போனவரும் சூவெல்தான். பதின்மூன்று நாள்களைத் தோல்வி என்று எண்ணிப் படிக்கத் தொடங்குகிறவர், இதழ்களை ஜூன் கடைசி வரை தொடர்ந்து படித்தால் அந்த எண்ணத்தைக் கைவிடவே நேரும்.

மாகாண இதழ்களைத் திறந்தால் படம் வேறு விதமாக விரிகிறது. இந்தச் சேவையில் என் மனத்தை மிகவும் ஈர்த்த பகுதி இதுவே. தந்தி இல்லாத காலம் அது. ஆக்லாந்திலிருந்து தெற்கே செய்தி போக வேண்டுமானால் கப்பல் ஒன்றே வழி. காற்றையும் துறைமுகங்களையும் பொறுத்து அது வாரக்கணக்கில் ஆகும். ‘நெல்சன் எக்ஸாமினர்’, ‘வெலிங்டன் இண்டிபென்டன்ட்’, ‘லிட்டில்டன் டைம்ஸ்’, ‘ஒட்டாகோ விட்னஸ்’ ஆகியவற்றின் மே, ஜூன் இதழ்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் முதலில் கப்பல் வருகைப் பட்டியலைப் படித்து, வடக்கிலிருந்து எந்தக் கப்பல் எந்த நாளில் வந்தது என்று குறித்துக்கொண்டு, பிறகு ஆக்லாந்துச் செய்தியைத் தேடுவதே சரியான முறை. தெற்கின் ஆசிரியர் ஓர் அமைச்சரவையை ஆதரித்தோ எதிர்த்தோ தலையங்கம் எழுதிக்கொண்டிருக்கும் வேளையில் ஆக்லாந்தில் நிலைமை முற்றிலும் மாறிப்போயிருக்கக்கூடும். பதின்மூன்று நாள் என்பது அந்தத் தூரத்துக்குப் போதாத காலம். இதழ்களைப் பகுதிவாரியாகப் பிரித்துப் பார்க்கும் வசதி இருப்பதால் இந்த ஒப்பீடு எளிதாகிறது.

இதழ்களை நடத்தியவர்கள் யார் என்பதையும் தெரிந்துகொண்டே படிக்க வேண்டும். ‘சதர்ன் கிராஸ்’ வில்லியம் பிரவுன், ஜான் லோகன் கேம்ப்பெல் ஆகிய ஆக்லாந்து வணிகர்களின் இதழ். ‘நியூசிலாண்டர்’ அவர்களுக்கு எதிரணியில் இருந்த ஜான் வில்லியம்சனும் அவருடைய கூட்டாளியும் நடத்தியது. ‘வெலிங்டன் இண்டிபென்டன்ட்’ இதழின் முதல் ஆசிரியர், பின்னாளில் வெலிங்டன் மாகாணத்தின் சூப்பரின்டெண்டண்டாகி மாகாண உரிமைக்காக வாதாடிய ஐசக் ஃபெதர்ஸ்டன். சபையில் பேசியவர்களும் இதழை நடத்தியவர்களும் ஒரே வட்டத்தைச் சேர்ந்தவர்கள். ஒவ்வோர் இதழுக்கும் அதன் உரிமையாளர், நோக்கம், வரலாறு பற்றிய அறிமுகக் குறிப்பை நூலகம் சேர்த்திருக்கிறது. அதைப் படிக்காமல் நேரே தலையங்கத்துக்குப் போவது நல்லதன்று.

சொல்தேடல் பற்றி எச்சரிக்கையோடு சொல்ல வேண்டியது உண்டு. கணினி பழைய அச்சை வாசித்துத் தரும் உரையில் பிழைகள் இருப்பது இயல்பு. மங்கிய மையும் தேய்ந்த எழுத்துருவும் மடிப்பில் மறைந்த வரியும் சேர்ந்துகொண்டால் ஒரு பெயர் வேறொரு பெயராகிவிடும். எனவே தேடலில் ஒன்றும் அகப்படவில்லை என்பதற்காக அந்த இதழில் செய்தி இல்லை என்று முடிவு செய்யக் கூடாது. ஃபாக்ஸ் என்ற பெயரை மட்டும் இட்டால் நரி வேட்டையும் வேறு மனிதர்களும் வந்து குவிவார்கள். தேதி எல்லையைக் குறுக்கி, இதழையும் தேர்ந்துவிட்டுத் தேடுவதே பயன் தரும். பிரதமர் என்ற பதவிப்பெயரை ஆங்கிலத்தில் இட்டுத் தேடுவதாலும் அவ்வளவு பயன் இருக்காது. சூவெல் வகித்த பதவி காலனிச் செயலர். அவரைப் பிரதமர் வரிசையில் முதலாவதாக வைத்தவை பிற்காலப் பட்டியல்களே. அமைச்சரவை, பொறுப்பாட்சி (அமைச்சர்கள் சபைக்குப் பொறுப்பாக இருக்கும் ஆட்சிமுறை), நிர்வாக மன்றம் (ஆளுநரின் ஆலோசனைக் குழு) என்பவற்றுக்கான அக்கால ஆங்கிலச் சொற்களை இட்டால் கூடுதலாகக் கிடைக்கும்.

1856இலிருந்து தொடங்குகிறவர் இரண்டு ஆண்டுகள் பின்னோக்கிப் போகவும் தயங்க வேண்டாம். 1854 மே மாதம் கூடிய முதல் நாடாளுமன்றத்தில் ஆளுநர் பொறுப்பில் இருந்த ராபர்ட் வின்யார்ட், பழைய அதிகாரிகளைப் பதவியில் வைத்துக்கொண்டே ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜெரால்ட் தலைமையில் சில உறுப்பினர்களை நிர்வாக மன்றத்தில் சேர்த்தார். அவர்களில் சூவெலும் ஒருவர். ஜூன் 14 அன்று சேர்ந்தவர்கள் முழுப் பொறுப்பாட்சி கிடைக்காததால் ஆகஸ்ட் 2 அன்று விலகினார்கள். சபையை ஒத்திவைக்கும் ஆணை வந்த ஆகஸ்ட் 17 அன்று, நெல்சன் உறுப்பினர் ஜேம்ஸ் மக்கே தொப்பியைக் கழற்றாமல், கையில் குடையோடு சபைக்குள் நுழைந்து பெரும் அமளிக்குக் காரணமானார். பிறகு ஆகஸ்ட் 31 முதல் செப்டம்பர் 2 வரை மட்டும் நீடித்த தாமஸ் ஃபோர்செய்த்தின் குழுவுக்கு ‘சுத்தச் சட்டை அமைச்சரவை’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. வின்யார்ட் அழைத்தபோது வேலை உடையைக் களைந்து சுத்தமான சட்டை அணிந்து போனதாக அவரே சபையில் சொன்னதால் வந்த பெயர் அது. இந்தக் காட்சிகளை அக்கால அச்சில் படிக்கும்போது, பின்னாள் நூல்கள் வேடிக்கைக்காக எடுத்தாளும் துணுக்குகளுக்குப் பின்னால் எவ்வளவு கசப்பும் அக்கறையும் இருந்தன என்பது விளங்குகிறது.

ஒரு பெரிய குறை இந்தச் சேவையின் குறையன்று, அக்காலத்தின் குறை. வாக்குரிமை தனிச் சொத்தை அடிப்படையாகக் கொண்டிருந்ததால், நிலத்தைக் குழுவாக வைத்திருந்த நாட்டின் பூர்வகுடிகளான மாவோரி மக்களில் மிகப் பெரும்பாலோருக்கு வாக்கு இல்லை. மாவோரி விவகாரங்களை ஆளுநர் தாமஸ் கோர் பிரவுன் அமைச்சர்களிடம் விடாமல் தம்மிடமே வைத்துக்கொண்டார். சபையில் பேசப்பட்ட நிலவருவாயின் மூலமான அந்த மக்களின் குரலைச் சபை அறிக்கைகளில் தேடினால் கிடைக்காது. இதே தளத்தில் அரசு வெளியிட்ட இருமொழி இதழான ‘மாவோரி மெசெஞ்சர்’ இருக்கிறது; கடிதப் பிரிவில் நிலக் கொள்முதல் ஆணையர் டொனால்ட் மெக்லீனுக்கு வந்த கடிதங்கள் உள்ளன, அவற்றில் மாவோரி மொழியில் எழுதப்பட்டவையும் உண்டு. ஆக்லாந்து இதழ்களை முடித்த பிறகு அந்தக் கடிதங்களுக்குச் செல்வதையே வாசகருக்குப் பரிந்துரைப்பேன். அந்தப் பிரிவுக்குத் தளத்தின் முகப்பிலேயே தனி இணைப்பு உண்டு.